கடல்கட்டியும் கைத்தொலைபேசியும்

பிரித்தானியர் காலத்தில் மன்னாரின் அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்தபோது, இரண்டு நம்பிக்கைகளுக்கு ஒரே அரசு பணம் கொடுத்தது. குளிப்புக்கு முன் முத்துப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை மதித்து அறிவிப்பார்கள். வியாபாரிகள் அதைப் பார்த்து ஏலத்துக்கு வந்தார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் கூலி உண்டு. அவரில்லாமல் குளியாட்கள் இறங்கத் தயங்கினார்கள். மாதிரியைச் சோதிக்கலாம், மந்திரத்தைச் சோதிக்க முடியாது. இன்று பேசாலையிலோ வங்காலையிலோ நண்டும் கருவாடும் வாங்கி விற்கும் சிறிய வாடியில், செயற்கை நுண்ணறிவு கைத்தொலைபேசிக்குள் இருந்து கணக்கும் கடிதமும் சொன்னால், அதை எந்தப் பக்கம் வைப்பது? தொழிலாளிக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இதைத்தான். திரையில் எந்த இடத்தைத் தொடுவது என்பது ஒரு பின்னேரத்தில் பழகிவிடும்.

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையோடு, அதாவது அறியும் வழிகளோடு, தொடங்கினார்: காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (பிறர் சொல்). உரையை ஏற்க, சொல்பவர் பொருளை அறிந்தவராகவும் மெய்யே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும் என்பது தருக்க மரபு. இயந்திரத்துக்கு விருப்பமே கிடையாது. கோடிக்கணக்கானோர் எழுதியதைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கிறது. ஆகவே அது உரையின் உடை உடுத்த கருதல். வேதத்துக்கு ஆசிரியரில்லை, அதனால் குற்றமில்லை என்றார்கள் மீமாஞ்சகர். கணினிக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆசிரியர்கள் இல்லாமலில்லை, அளவுக்கு மீறி இருக்கிறார்கள். அவர்களின் பிழையும் கூடவே வருகிறது. கருதலைத் திருத்துவது காண்டல். நண்டைக் கையில் தூக்கியே சதைப்பற்றை மதிக்கும் பெண்ணிடம் அது இருக்கிறது. பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்: தனக்கு நன்றாகத் தெரிந்ததை இயந்திரத்திடம் கேட்டு, அது எங்கே வழுக்குகிறது என்று அவர் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் சோதித்தா வாழ்கிறோம், தரகரின் சொல்லை நம்பவில்லையா என்று கேட்கலாம். நம்புகிறோம், பொய்த்தால் நாளை அவர் வாசலில் போய் நிற்கலாம் என்பதால். கடல்கட்டியாலும் பயன் இருந்ததே என்பது இதைவிட வலுவான மறுப்பு. துணிவு தந்தார், உண்மை. ஆனால் முத்துக்கு விலை மதிக்கும் வேலையை எவரும் அவரிடம் விடவில்லை. மாதிரியும் தவறாதது அல்ல: 1906இல் முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, சிப்பி அற்றுப்போகச் சில ஆண்டுகளில் முறிந்தது. சோதிக்கத்தக்கதே இப்படித் தவறுமென்றால், சோதிக்காததைப் பற்றிக் கேட்கவேண்டாம். அதிலும் இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தவை. மன்னார்க் கரையின் நண்டையும் கருவாட்டையும் பற்றித் தமிழில் எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறை தெரியாதபடி, அதே சரளத்தோடு அது இங்கேயும் பேசும்.