அழுக்கு எங்கே போகிறது?

கடலுக்குப் பக்கத்தில் வீடு இருப்பதாலேயே கடலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட முடியாது. காரைக்காலில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்கு அந்த ஆசை வந்துவிட்டது. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்பு நீர், நடுவே பவளப்பாறை, சுற்றிலும் வண்ண மீன்கள். தொட்டியை வாங்கிவிட்டார். எந்த வடிகட்டியைப் பொருத்துவது என்பதில்தான் குழப்பம். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டார்.

கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய விஷயம்தானா இது? ஆனாலும் யோசிக்க யோசிக்க, அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. நாம் உண்டாக்கும் அழுக்கை யார் சுமப்பது?

அரசலாறு கடலில் கலக்கும் ஊர் காரைக்கால். காவிரியின் கிளைகள் கொண்டுவரும் வண்டலும் நன்னீரும் கலந்த கரை அது. நெல்லுக்கு நல்லது, பவளத்துக்கு ஆகாது. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், வெயில் வேண்டும், ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் அதிகம் மாறாத உப்பும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் கரையோரத்து உப்பே குறைந்துபோகும். ஆகையால்தான் பவளப்பாறைகளைக் காண வேண்டுமானால் தெற்கே மண்டபம் பக்கமும், மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கமும் போக வேண்டியிருக்கிறது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும், நண்பர் நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துத்தான் தமது கடலைச் செய்துகொள்ள வேண்டும்.

அந்தக் கடலில் மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. சிறிதளவே போதும், மீன் செத்துப்போகும். பெருங்கடலில் கழிவு எங்கோ போய்விடுகிறது. தொட்டியில் அந்த 'எங்கோ' கிடையாது.

வடிகட்டிகளில் மூன்று வகை உண்டு. முதலாவது பஞ்சு. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாளில் அலசாவிட்டால், பிடித்ததெல்லாம் அங்கேயே அழுகி மறுபடி நீரில் கலக்கும். குப்பையைப் பெருக்கிப் பாய்க்கு அடியில் தள்ளுவதைப் போல. இரண்டாவது, புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற நுரை இயந்திரம். பொடிக் குமிழிகளில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி ஒரு கிண்ணத்தில் சேரும். கிண்ணத்தை யாராவது எடுத்துக் கொட்ட வேண்டும்.

இந்த 'யாராவது' எனக்கு ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டுகிறார். 1846-ம் ஆண்டில் அன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். மின்சாரப் பம்பு இல்லாத காலம். திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்று, காப்பி ஆற்றுவதைப்போல, அந்த நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள் ஒரு வேலைக்காரப் பெண். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். பவளம் பிழைத்தது. பெருமை சீமாட்டிக்குப் போயிற்று. வடிகட்டி அந்தப் பெண்ணின் இரண்டு கைகள்!

மூன்றாவது வகை உயிருள்ள பாறை. அதன் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகின்றன. காற்றுப் புகாத உள் துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. இங்கே அழுக்கு இடம் மாறுவதில்லை, குணம் மாறுகிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் இத்தகைய பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பிக் கடல்தொட்டி நடத்தும் முறையை 1961-ல் எழுதி வெளியிட்டார்.

"அப்படியானால் மண்டபத்திலிருந்து பாறை வரவழைத்துவிடுகிறேன். கொண்டுவந்து தர ஆள் இருக்கிறது" என்றார் நண்பர்.

அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, எடுப்பது குற்றம். சட்டத்தைக்கூட ஒரு பக்கம் வைப்போம். ஒருகாலத்தில் அவற்றைச் சுண்ணாம்புக்காக வெட்டினார்கள். அலையின் வேகத்தைக் குறைத்துக் கரையைக் காப்பவை அவை. கூடத்துத் தொட்டி சுத்தமாக இருப்பதற்காகக் கடலின் வடிகட்டியைப் பெயர்ப்பது எந்த ஊர் நியாயம்?

"அழகை ஆசைப்படுவது பாவமா?" என்றார்.

பாவமில்லை. ஆனால் ஆசைக்கு உண்டான வேலையையும் சேர்த்து ஆசைப்பட வேண்டும். செயற்கையாகச் செய்த நுண்துளைக் கல்லை வைத்துச் சில வாரம் பொறுத்திருந்தால் பாக்டீரியா தானே குடியேறும். கடலில் பிடிக்காத, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கிடைக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே அதை வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறது. பவளம் வேண்டாம். சிறிய ஸ்கிம்மர் போதும். கிண்ணத்தை வேலைக்காரம்மாளிடம் விடாமல் அவரே கொட்டட்டும்.

கொட்டியது சாக்கடைக்குப் போகும், சாக்கடை ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு. ஊரில் ஒவ்வொருவரும் "கடல் தாங்கும்" என்றுதான் நினைக்கிறோம். கடலும் ஒரு தொட்டிதான். அதற்கும் 'எங்கோ' என்று வேறிடம் இல்லை. ஆகவே எத்தனை மீன் வளர்க்கலாம் என்பதைத் தொட்டியின் நீள அகலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். வாரந்தோறும் தம் கையால் அலசச் சம்மதிக்கும் பஞ்சு எவ்வளவோ, அவ்வளவு மீன் போதும்.