எடுக்காத அளவு

நான் பொய் சொல்கிறவன் இல்லை என்றுதான் போன தீபாவளிக்கு முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் எங்கள் வீட்டுக் கதவு ஒன்று.

எங்கள் வீடு தைப்பிங்கில், ஒரு பழைய தாமானில் இருக்கிற வரிசை வீடு. தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாட்டியின் அறைக் கதவு அடிப்பக்கம் ஊறி ஊறி உப்பி, பிறகு கரையானும் ஏறிவிட்டது. தீபாவளிக்குள் மாற்றிவிடலாம் என்றார் அப்பா. நிலை நல்ல கட்டை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, கதவை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கடையில் விற்கிற மூன்றடிக் கதவும் சரி, இரண்டரை அடிக் கதவும் சரி, எங்கள் நிலைக்குப் பொருந்தாது. அதனால் கமுந்திங்கில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் சொன்னோம். சொந்த மாமா இல்லை, அப்பாவின் பழைய நண்பர். "அளவு மட்டும் எடுத்துப் போன் பண்ணிடுங்க. தம்பி இன்ஜினியரிங்தானே படிக்குது, அதுவே எடுக்கட்டும்" என்றார்.

எப்படி எடுக்க வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். பழைய கதவை அளந்து அனுப்பக்கூடாது. அது பல வருஷமாகத் தேய்ந்தும் இழைத்தும் வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஆகியிருக்கும். நிலையின் உள்பள்ளத்திலிருந்து எதிர்ப்பள்ளம் வரை அகலத்தை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றில் எது சிறியதோ அதை வைத்துத்தான் கதவு. அதிலிருந்து பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். உயரம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடைசியாக மூலைக்கு மூலை, குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை கோணாமல் நிற்கிறது, வித்தியாசம் இருந்தால் சாய்ந்திருக்கிறது.

மொத்தம் ஏழு அளவு. பத்து நிமிஷ வேலை.

டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும், பார்த்திருக்கிறீர்களா? கெட்டுப்போய்விட்டது என்று சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுவார்கள். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு அது நகர வேண்டும். அப்போதுதான் வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் ஒரே அளவு வரும். இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே மேலே அளந்தேன். 806. உயரம் ஒரு பக்கம் பார்த்தேன். 2060. அந்த நேரத்தில் பாட்டி நிலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடியில் அளக்க வேண்டுமானால் அவரை எழுப்ப வேண்டும். பாவம், முட்டி வலி. (இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டி எழுந்து நகர்வதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.)

பட்டறைக்குப் போன் பண்ணினேன். அங்கே வேலை பழகுகிற தம்பி எடுத்தான், பதினேழு வயசிருக்கும். அகலம் 806, 805, 806 என்றேன். உயரம் 2060, 2061. குறுக்களவு இரண்டுமே 2212.

மூன்றும் 806 என்று சொன்னால் சந்தேகம் வருமே, அதனால்தான் நடுவில் ஒரு 805. குறுக்களவைக் கைப்பேசியில் பைத்தகோரஸ் தேற்றம் போட்டுக் கணக்கிட்டேன். 806, 2060 என்றால் 2212 வருகிறது. அழகான விடை. நிலை நேராக இருக்கிறதா என்று சோதிப்பதற்கான அளவை, நிலை நேராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறேன்! அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று தெரியும். பல்கலைக்கழக ஆய்வகத்தில்தான். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு தடவை அளப்போம். மற்ற இரண்டு கட்டத்தையும் முன்னே பின்னே கொஞ்சம் மாற்றி நிரப்புவோம். எங்கள் குழுவில் அதற்கு நான் கெட்டிக்காரன். இப்படிக் கொடுத்த அறிக்கைகளில் எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்திருக்கிறது. இதைப் படிக்கும் சிலர் இப்போது சிரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? நான் ரொம்ப நாள் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். மேலே 806 என்றால் அடியிலும் கிட்டத்தட்ட அதுதானே இருக்கும்? அது ஊகம், நல்ல ஊகம். ஆனால் தம்பியிடம் நான் "ஊகம்" என்று சொல்லவில்லையே. ஓர் அளவைச் சொல்லும்போது, அங்கே டேப் வைத்தேன், கண்ணால் பார்த்தேன் என்று சாட்சியும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒருவேளை அடியில் உண்மையிலேயே 806 இருந்து, கதவும் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால்? அப்போதும் நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவன்தான். மாட்டிக்கொள்ளாதவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அலகுக் குழப்பத்தால் செவ்வாயில் அழிந்த கதையை எங்கள் துறையில் எல்லாரும் படிப்போம். எவ்வளவு பெரிய நஷ்டம்! ஆனாலும் அது பிழை. என்னுடையது 9 மில்லிமீட்டர்தான், ஆனால் அதைப் பிழைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

9 மில்லிமீட்டர் என்று எப்படித் தெரியும் என்றால், கதவு வந்த அன்று தெரிந்தது. சிறிய அளவான 805-இலிருந்து 6 கழித்து, 799-க்குக் கச்சிதமாகச் செய்திருந்தார்கள். மேலே நுழைகிறது, அடியில் முட்டுகிறது. மாமா டேப்பை வைத்தார். 797. நிலையின் ஒரு கால் அடியில் உள்ளே தள்ளியிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைப் பார்த்தார். "போன்ல என்னத்தடா கேட்ட? காதுல என்னா வச்சிருந்த?"

"806-ன்னுதான் மாமா சொன்னாங்க…"

"இன்ஜினியரிங் படிக்கிற புள்ள தப்பாவா அளந்திருக்கும்? இன்னைக்குச் சம்பளத்துல பிடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல மாமா, சாரி" என்றான்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் எல்லாருக்கும் கொண்டுவந்த மைலோ தட்டோடு.

கதவை வெளியே போர்ட்டிகோவில் கிடத்தி, பூட்டுப் பக்கத்தை மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கி அடியில் 8 மில்லிமீட்டர் வரை சரிவாக இழைத்தார்கள். முக்கால்வாசி தம்பிதான் இழைத்தான். சாயங்காலம் கதவு மாட்டியாகிவிட்டது. நன்றாகவே மூடியது. பாட்டிக்கு ரொம்பச் சந்தோஷம்.

துரோண பர்வத்தில் தருமர் அசுவத்தாமன் விஷயத்தில் அரைப்பொய் சொல்கிற இடம் நமக்கெல்லாம் தெரியும். அதுவரை தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்கு மண்ணில் இறங்கியது. சமயப் பாட வகுப்பில் அந்தத் தேரைப் பற்றியே பேசுவோம். அன்று ராத்திரி எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. துரோணர் ஏன் தருமரைக் கேட்டார்? மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. தருமர் பொய் சொல்லமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அந்த நல்ல பெயர் இல்லாவிட்டால் அந்தப் பொய் பலித்திருக்காது. நான் தருமரும் இல்லை, இது குருக்ஷேத்திரமும் இல்லை. ஆனால் "படிக்கிற புள்ள" என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயர்தான் ஒரு சின்னப் பையனைத் தன் காதையே சந்தேகப்பட வைத்தது.

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளை நாம் வசதியாகப் பிடித்துக்கொள்வோம், நன்மை தரும் பொய்க்கு அதில் இடம் இருக்கிறதே என்று. குற்றமில்லாத நன்மை என்றுதான் வள்ளுவர் நிபந்தனை வைக்கிறார். என் பொய்யால் கிடைத்த நன்மை என்ன? நான் ஒரு தடவை குனியாமல் தப்பித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "காலைல கமுந்திங் போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான். மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. சிரித்து மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமேப்பா, நானே வந்து அளந்திருப்பேன்ல" என்றார். பிறகு கல்லாவைத் திறந்து, பிடித்து வைத்திருந்த 20 வெள்ளியை எடுத்தார். அதை நான் தருகிறேன் என்றேன். "இது அவன் சம்பளம்" என்று சொல்லிவிட்டார்.

தம்பி பின்பக்கம் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனிடமும் சொன்னேன். அவனுக்கு என்மேல் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டுக் கட்டைகள் கிடந்த மூலைக்குப் போய்த் தேட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்து நீட்டினான். பென்சிலில் 806, 805, 806 என்று கொட்டையாக எழுதியிருந்தது.

"அப்ப நான் சரியாத்தாண்ணே கேட்டிருக்கேன்?" என்றான்.