செயலும் ஆளும்

வால்டர் டீன் மையர்ஸ் 1999இல் எழுதிய 'மான்ஸ்டர்' (அரக்கன்) என்ற இளையோர் நாவலில் வழக்கு ஒன்று, கேள்வி இரண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் கொள்ளை நடக்கிறது. கைகலப்பில் கடைக்காரர் தம் துப்பாக்கியாலேயே சுடப்பட்டுச் சாகிறார். முன்கூட்டியே கடைக்குள் போய், போலீஸ் இல்லை என்று பார்த்துச் சொன்னதாக 16 வயதுக் கறுப்பினப் பையன் ஸ்டீவ் ஹார்மன்மீது குற்றச்சாட்டு. அவன் அதைச் செய்தானா? அவன் எப்படிப்பட்டவன்? முதல் கேள்விக்கு விடை காண்பதே விசாரணையின் வேலை. அரசுத் தரப்பு வழக்கறிஞரோ தொடக்க உரையிலேயே 'அரக்கர்கள்' என்ற சொல்லால் இரண்டாவதையும் முடித்துவிடுகிறார்.

முதல் கேள்வியே அவ்வளவு எளிதல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில், கொள்ளையின்போது உயிர் போனால் அதில் பங்கெடுத்த எல்லோர்மேலும் கொலைப்பழி விழும். அந்தத் துப்பாக்கி வெடிக்காமல் இருந்திருந்தால்? வேவு பார்த்தவனின் செயலும் எண்ணமும் மாறியிருக்காது. வழக்கு மட்டும் மாறியிருக்கும். தன் கையில் இல்லாத விளைவுக்கு ஒருவர் எவ்வளவு பொறுப்பு என்ற இந்தச் சிக்கலை மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் 'அறவழி அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தனர். எண்ணத்தைத்தான் எடைபோட வேண்டும் என்பது மெய்யியலாளர் காண்ட்டின் நிலை. சட்டம் விளைவையும் தராசில் வைக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் நிறம் நுழைகிறது. கறுப்பினத்தவர் தம்மையே பிறர் கண்ணால் அளந்து பார்க்க நேரும் நிலையை அமெரிக்கச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1903இல் 'இரட்டை உணர்வு' என்றார். ஸ்டீவ் நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடி 'மான்ஸ்டர்' என்று தாளில் திரும்பத் திரும்ப எழுதுகிறான். அவனுடைய வழக்கறிஞர் பென்சிலைப் பிடுங்கி அத்தனையையும் அடிக்கிறார். நாவலின் பெரும்பகுதி அவனே எழுதும் திரைக்கதை. தன்னை வெளியிலிருந்து பார்க்கும் பழக்கம் அங்கே வடிவமாகவே ஆகிவிடுகிறது. விடுதலைத் தீர்ப்பு வந்ததும் அவன் கைகளை விரிக்கிறான். வழக்கறிஞர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, அவர் அவனை நம்புவது வேறு. அவன் உண்மையில் வேவு பார்த்தானா என்பதை மையர்ஸும் உடைத்துச் சொல்வதில்லை. நாவலின் பலமே அதுதான்: குற்றமற்றவன் என்று உறுதியானபின் ஒருவனை மனிதனாக மதிப்பதில் என்ன பெருமை?

இபி ஸோபோயும் யூசஃப் ஸலாமும் சேர்ந்து எழுதிய 'பஞ்சிங் தி ஏர்' (2020) என்ற நாவல் இந்த இடத்தில் சற்றுச் சறுக்குகிறது. நியூயார்க்கில் 1989ஆம் ஆண்டு நடந்த சென்ட்ரல் பார்க் தாக்குதல் வழக்கில் 15 வயதில் கைதாகி, சிறைவாசம் முடிந்தபின் 2002இல் தண்டனை ரத்தானவர் ஸலாம். அந்த அனுபவத்தின் கனம் நூலெங்கும் இருக்கிறது. கதைநாயகன் அமல் முதல் குத்தை விட்டவன், ஆனால் எதிராளியைக் கோமாவில் தள்ளிய அடி அவனுடையதல்ல. பாதிப் பொறுப்பு என்ற கடினமான இடம் அது. கோமாவிலிருந்து விழித்தவன் உண்மையைச் சொல்லிவிடுவதால் கதை அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுகிறது.

ஸ்டீவ் வயதுப் பையன்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? நியூயார்க்கில் 2017இல் திருத்தப்பட்ட சட்டம் 2018இல் நடைமுறைக்கு வரும்வரை 16 வயதினர் குற்ற வழக்குகளில் பெரியவர்களாகவே விசாரிக்கப்பட்டனர். இளையோரின் இயல்பு இன்னும் உருவாகி முடியவில்லை என்பதை ஏற்று, 18 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தண்டனையை விதிக்கும் நீதிபதி, இவன் இனித் திருந்தவே மாட்டான் என்று தனியாக முடிவுசெய்து பதிய வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் 2021இல் கூறியது.