பெயர் மட்டும் தங்கிய நிலையம்

டோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து யோகோஹாமா செல்லும் தோயோகோ இரயில் பாதையில் ககுகேய் தைகாகு என்றொரு சிறிய நிலையம் உண்டு. ஒரே நடைமேடை, அதன் இரு மருங்கிலும் இரு பாதைகள். காலையில் வேலைக்குச் செல்வோரும் மாலையில் வீடு திரும்புவோரும் அதை நாள்தோறும் நிறைக்கின்றனர். 'தைகாகு' என்றால் பல்கலைக்கழகம். ஆனால் பெயரை நம்பி அங்கு இறங்குபவர் பல்கலைக்கழகத்தைக் காணமாட்டார். ஆசிரியர்களை உருவாக்கும் அப்பல்கலைக்கழகம் 1964-இல் மேற்கே உள்ள கொகனேய் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. அதைச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளி மட்டும் இன்றும் அருகில் இருக்கிறது.

அப்படியானால் அந்த நிலையத்தின் பெயர் பொய்யா?

1927-இல் நிலையம் திறக்கப்பட்டபோது அதற்கு ஹிமோன்யா என்னும் ஊர்ப்பெயரே இருந்தது. 1936-இல் அவோயாமா ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அங்கு வந்தது. நிலையமும் அப்பள்ளியின் பெயரை ஏற்றது. 1943-இல் பள்ளியின் பெயர் மாறவே, நிலையமும் மாற்றிக்கொண்டது. பள்ளி பல்கலைக்கழகமாக வளர்ந்தபின், 1952-இல் இன்றைய பெயர் வந்தது. மூன்று முறை கல்விக்கூடத்தைப் பின்பற்றிய பெயர், அது ஊரைவிட்டே போனபோது மட்டும் பின்பற்றவில்லை.

அடுத்த நிலையமான தோரிட்சு தைகாகுவின் கதையும் இதுவே. அதன் பல்கலைக்கழகம் 1991-இல் ஹச்சியோஜிக்குச் சென்றது. இரு பெயர்களையும் மாற்றலாமா என்று 1999-இல் இரயில் நிறுவனம் வட்டார மக்களைக் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் மாற்றுவதாக இருந்தது. அந்த அளவு ஆதரவு கிட்டவில்லை, பெயர்கள் நிலைத்தன.

மக்களைக் குறை கூறுவதற்கில்லை. அங்கு வாழ்வோருக்கு அப்பெயர் பல்கலைக்கழகத்தையா நினைவூட்டுகிறது? தாங்கள் நடக்கும் தெருவையும், காய்கறி வாங்கும் கடையையும், பிள்ளைகள் வளர்ந்த வீட்டையும் அன்றோ குறிக்கிறது! பொருள் மெல்ல இடம் மாறிவிட்டது. பழகியவர் எவரும் அப்பெயரால் ஏமாறுவதில்லை.

ஏமாறக்கூடியவர் புதிதாய் வருபவர் ஒருவரே. வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. தீமை பயக்காத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் தந்த அளவுகோல். அதைக் கொண்டு பார்த்தால், பெயர் மெய்யா பொய்யா என்பதை ஊராரின் பழக்கம் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. நம்பி வருபவருக்கு அது என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வழி கேட்பவரிடம், "அது இங்கில்லை, கொகனேய்க்குப் போங்கள்" என்று சொல்ல ஒருவர் இருக்கும்வரை அந்தப் பெயர் குற்றமற்றது. தெரிந்தும் வாய் மூடியிருந்து, அப்பெயரால் ஆதாயமும் தேடினால், அதே பெயர் பொய்யாகிவிடும்.

நமக்கும் பெயர்கள் உண்டு: தந்தை, ஆசிரியர், மருத்துவர், நண்பர். அவை எதனால் வந்தனவோ அது எப்போது நம்மைவிட்டுப் போனது என்பதை நாமே கவனித்திருக்க மாட்டோம். உடன் இருப்பவர்கள் பழகிவிடுகிறார்கள். 'அவர் அப்படித்தான்' என்று அமைதி கொள்கிறார்கள். அவர்களது பொறுமையை நம் நேர்மைக்குச் சான்றாக நாமும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் என்றோ ஒருநாள், தந்தை என்ற சொல்லை அப்படியே நம்பி மகன் தன் துயரத்தோடு வந்து நிற்பான். ஆசிரியர் என்ற சொல்லை நம்பி ஒரு மாணவி ஐயம் கேட்பாள். அன்று அவர்கள் என்ன காண்பார்கள்?

போன பல்கலைக்கழகத்தை அந்த நிலையத்தால் திரும்ப அழைக்க இயலாது. நம் நிலை அதுவன்று. பெயருக்கு உரியதை மீண்டும் தேடிக் கொணரலாம். அது உடனே கூடாவிட்டால், நம்பி வந்தவரிடம் உண்மையைச் சொல்லி, உரிய இடத்துக்கு வழியாவது காட்டலாம். இவ்விரண்டில் ஒன்றையேனும் செய்கிறோமா?