பருவம் தப்பிய பயணம்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே சுப்பீரியர் என்றொரு ஏரி. ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீட்டர். பருவம் முடிந்தும் அதிலே பாய்மரப் படகை விட்டு இறங்க மனசில்லாதவர்கள் உண்டு. கோடையின் சூடு தண்ணீரில் மிச்சமிருக்க, வடக்கத்திய குளிர்காற்று வந்து மோதும், புயல் எழும்பும்.

"என் படகு, என் உசிரு, உங்களுக்கென்ன?" என்பார்கள். நியாயந்தானா?

1975 நவம்பர் 10 அன்று அங்கே 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சரக்குக் கப்பலே மூழ்கி, 29 பேரும் மாண்டார்கள். பின்னால் வந்த ஆண்டர்சன் கப்பல் பத்திரமான விரிகுடாவுக்குள் சேர்ந்த பிறகும், அவர்களைத் தேடி அதே புயலுக்குள் திரும்பிப் போனது.

அவர்கள் பிழைப்புக்காகப் போனவர்கள். நாம் உல்லாசமாகப் போனாலும், தேடி வருகிறவன் அந்த அலையில்தானே இறங்கவேண்டும்? ஆகவே நான் சொல்லுகிறேன்: தைரியம் வேறே, துணிகரம் வேறே. அடுத்தவன் உசிரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, வேளையோடு கரை சேருகிறவனே தைரியசாலி.