ஏடா, நாடியா?

மருத்துவக் கல்லூரி ஒன்றிலே இருவர். ஒருவர், காலையிலேயே வார்டுக்கு வந்து, மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, நாடியைத் தொடச் செய்து, நெஞ்சின் ஓசையைக் கேட்கச் செய்து, “என்ன தெரிகிறது?” என்று வினவுபவர். மற்றவர் வார்டுக்கு வருவது அரிது. ஆய்விதழ்களிலே அவர் பெயர் வருவதோ அடிக்கடி. பதவி உயர்வு ஒன்றுதான். எவருக்கு?

அலுவலகக் கோப்போடு முடியும் சங்கதி என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! எதற்கு உயர்வு தருகிறோமோ அது வளரும். எதைக் கணக்கில் கொள்ளாமல் விடுகிறோமோ அது தேயும். ‘நல்ல மருத்துவர் யார்?’ என்ற கேள்விக்கு நாடு எழுதும் விடையே பதவி உயர்வு விதி.

நம் நாடு எழுதிய விடை யாது? இந்திய மருத்துவக் கவுன்சில் 2015இல் விடுத்த விளக்கம், கட்டுரை எழுதியோரில் முதல் இருவரை மட்டுமே கணக்கிலே கொண்டது. தனியொரு நோயாளியைப் பற்றிய குறிப்புரையை ஒதுக்கியது. கவுன்சிலின் இடத்திற்கு 2020இல் வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2022ஆம் ஆண்டு விதிகளிலே, உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக உயர நான்காண்டுப் பணியும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் கேட்டது. கற்பிக்கும் முறையிலும் ஆய்வு முறையிலும் அடிப்படைப் பயிற்சி வேண்டும் என்றது. ஆண்டு எண்ணப்பட்டது, ஏடு எண்ணப்பட்டது, சான்றிதழும் எண்ணப்பட்டது. கற்பிக்கப் பயின்றாரா என்று கேட்டனர். நன்றாகக் கற்பித்தாரா என்ற கேள்வி எங்கே?

பள்ளி ஆசிரியன் நான். மதிப்பெண் ஒன்றே அளவுகோலானால் வகுப்பறை எப்படிச் சுருங்கும் என்பதை நாளும் காண்பவன். மருத்துவத்திலும் அஃதே. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடி அச்சேற்றும் இதழ்களும் கிடைக்கும். அளக்க எளிதானதே உயர்ந்தது என்பது அறிவியல் அன்று. எண்ணுக்குக் கற்பூரம் காட்டும் புது வழிபாடு!

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியிலே பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர், 1892இல் வெளியான புகழ்மிக்க மருத்துவப் பாடநூலின் ஆசிரியர். ஏட்டில் வல்லவர். ஆயினும், மாணவரை வார்டுக்கு அழைத்துச் சென்று கற்பித்ததையே தம் பணிகளுள் தலையாயதாகக் கருதினார்.

அப்படியானால் ஏடே வேண்டாமா? வேண்டும். வியன்னாவைப் பாரீர்! அங்கே பெரிய மருத்துவமனையின் பிரசவப் பிரிவிலே, 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் மாண்டனர். பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்றுணர்ந்தார் செம்மல்வைஸ். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஜூனில் சாவு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆயிற்று. பரிசு? 1849இல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. உயிர் காத்த கைக்கு மதிப்பில்லை. அவரோ, தம் கண்டுபிடிப்பை விரிவான நூலாக்கியது 1861இல்தான். கை ஒரு வார்டைக் காத்தது. காலத்தே எழுதியிருப்பின், எழுத்து இன்னும் பல வார்டுகளைக் காத்திருக்கக்கூடும். ஆகவே ஏடு பகையன்று. ஏடு மட்டுமே என்பதே பகை.

இங்கே ஒரு தடை எழும், நியாயமான தடை. “எண்ணுக்குக் கண் இல்லை, ஆகவே அது சாதி பாராது, சிபாரிசு கேளாது. ‘நன்றாகக் கற்பிக்கிறார்’ என்று தீர்ப்பளிக்க ஆளை வைத்தால், வேண்டியவர் ஏறுவார், வேண்டாதவர் வீழ்வார்” என்பர். அச்சம் பொய்யன்று. ஆனால் எண்ணும் நடுநிலையானதா? நாள் முழுதும் புறநோயாளர் வரிசையைப் பார்த்து முடிப்பவருக்கு, ஆய்வுக்கு நேரம் ஏது, நிதி ஏது, துணையாள் ஏது? வசதி உள்ளவருக்கு எண் வளைந்து கொடுக்கிறது. வசதியற்றவரிடம் விறைத்து நிற்கிறது.

எனவே, தீர்ப்பை ஒழிப்பதன்று வழி. தீர்ப்பை வெளிச்சத்திலே நடத்துவதே வழி. அளவுகோலை முன்கூட்டியே அறிவிக்கட்டும். பல்வேறு சமூகத்தாரும் பிற கல்லூரியாரும் கொண்ட குழு, கட்டிலருகே கற்பிப்பதைப் பலமுறை நேரில் காணட்டும். அவரிடம் பயின்ற மாணவர் நோயாளியைச் சோதிக்கும் திறம் என்ன என்று பார்க்கட்டும். நோயாளிகள் தேறிய கணக்கையும் கேட்கட்டும். ஆனால் நோயின் கடுமையையும் சேர்த்தே எடை போடட்டும். இல்லையேல் கடும் நோயாளியைக் கைகழுவிவிடுவோரே கணக்கில் வெல்வர். காரணத்தை எழுத்தில் தரட்டும். மேல்முறையீட்டுக்கு இடம் வைக்கட்டும். அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் பலவற்றில், சிகிச்சையும் கற்பித்தலும் முதற்பணியாகக் கொண்டோர் பேராசிரியராகத் தனித்தடமே உண்டு. அத்தடம் இங்கும் வரட்டும். இரண்டாந்தரமாக அன்று, இணையாக!

கிராமத்துத் தாய் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு இளம் மருத்துவரின் முன் வந்து நிற்பாள். அவருக்குக் கற்பித்தவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று அவள் கேட்கப்போவதில்லை. அந்த இளம் கைக்கு நாடி பிடிபடுமா என்பதே அவள் கேள்வி. அவள் சார்பிலே அக்கேள்வியை எழுப்ப வேண்டியவர் நாம்.