யாருடைய கூச்சம்

தெலுங்கு தெரியாத நாட்களில் க்ஷேத்ரய்யாவின் பதங்களைப் பக்திப் பாடல்கள் என்றே நினைத்திருந்தேன். முவ்வகோபாலன் பெயர் காதில் விழுமே! 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவர். ஒருநாள் தெலுங்குத் தோழி ஒருத்தி, நான் விரும்பிக் கேட்கும் பதத்துக்கு வரிவரியாகப் பொருள் சொன்னாள். வேறொருத்தியிடமிருந்து வந்தவனை நிறுத்திக் கேள்வி கேட்கிறாள் ஒரு பெண். எனக்குக் கூச்சமாக இருந்தது. மருதத்திணைத் தலைவியின் ஊடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு!

பிறமொழியில் பாடுகிறவருக்குப் பொருள் தெரியவேண்டாமா என்று கேட்கிறோம். கேட்கவேண்டியதுதான். ஆனால் இந்தப் பதங்களைச் சென்னையில் காத்த வீணை தனம்மாள் குடும்பத்துப் பெண்கள் பொருள் அறிந்தவர்கள். பேத்தி பாலசரஸ்வதி பதத்தைத் தாமே பாடி, சொல்லுக்குச் சொல் அபிநயம் பிடித்தார். சிருங்காரத்தை விலக்கச் சொன்னவர்களை வெளிப்படையாக மறுத்தார். தெரியாமல் இருந்தது சபையில் உட்கார்ந்திருந்த நமக்குத்தான். அதுவே நமக்கு வசதியாகவும் இருந்தது. ராகத்தை எடுத்துக்கொண்டோம், பேசியவளை விட்டுவிட்டோம்.

அந்தப் பெண்ணை எழுதியவர் ஓர் ஆண்தான். ஆனால் அவள் சொல்லுக்குப் பொறுப்பேற்று, அதனால் வந்த பழியையும் ஏற்றவர்கள் பெண்கள். பாடுகிற மொழி யாருடையது என்பதைவிட, பாடிய சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி. இன்றும் பதம் கேட்கையில் கூச்சம் எட்டிப்பார்க்கிறது. இது யார் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.